வேலைக்கு வைத்தவரின் பெயர்

அருளுக்கு,

1. இதை எழுதுபவன் உன் தந்தை. குவாலா சிலாங்கூர் பட்டணத்தில் வழக்கறிஞராக இருப்பவன். வயது அறுபத்தாறு. நினைவும் பார்வையும் தெளிவாக உள்ளன.

2. கீழே வருவனவற்றில் நான் நேரில் கண்டவையும் கேட்டவையும் உண்டு. பிறர் சொல்லி அறிந்தவையும் உண்டு. இரண்டையும் கலக்காமல் எழுத முயன்றிருக்கிறேன்.

3. இந்த விஷயத்தில் நான் உன் வழக்கறிஞன் அல்லன். இனி ஆகவும் முடியாது. காரணம் பின்னால் வரும்.

4. உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். நீ மணக்கப்போகும் நிர்மலாவும் அவளுடைய பெற்றோரும் இதைப் படிக்கலாம். அவர்கள் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

வியாழக்கிழமை மாலை நீ என் அலுவலகத்துக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் ஒன்று கேட்டாய். நீ அறுவடைக் குத்தகை எடுத்திருக்கும், எண்ணெய் எடுக்கும் ஜெரம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், செவ்வாய்க்கிழமை காலை ஹம்டான் என்பவர் மின்சாரம் தாக்கி இறந்துவிட்டார். குலை வெட்டும் அலுமினியக் கழி சாலையோர மின்கம்பியில் பட்டுவிட்டது. அவருடைய உடல் மாவட்ட மருத்துவமனையின் பிணவறையில் இருக்கிறது. உடலை ஒப்படைப்பதற்கு உறவினர் ஒருவர் வர வேண்டும், அல்லது வேலைக்கு வைத்தவர் வந்து கையொப்பமிட வேண்டும். உறவினர்கள் லொம்போக் தீவில் இருக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்தும் போலீசிலிருந்தும் உன்னைத் தொலைபேசியில் கேட்டபோது, அவர் உன் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டாய். அதையே சட்டப்படி செல்லும் ஒரு பத்திரமாக நான் எழுதித் தர வேண்டும் என்பதுதான் உன் கோரிக்கை.

உன் சொற்களை அப்படியே பதிவு செய்கிறேன். "நல்லா டைட்டா எழுதிக் குடுங்கப்பா. மண்டோர் சேகர் கூட்டிட்டு வந்த ஆளு அவன். பெர்மிட்டு வேற கம்பெனி பேர்ல இருக்கு. எனக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல லா." இரண்டு நாள் கழித்துப் பதில் சொல்வதாகச் சொல்லி உன்னை அனுப்பினேன். இது அந்தப் பதில். எழுதித் தர மாட்டேன். இவ்வளவு போதும் என்றால் இங்கேயே மடித்து வைத்துவிடலாம். ஆனால் நீ என் மகன் என்பதால் காரணங்களைக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு, சொல்லும் கடமை எனக்கும் உண்டு.

ஒருவரை வேலைக்கு வைப்பது என்பதைச் சொல்ல நம்மிடையே சொற்களுக்குப் பஞ்சமில்லை. உன் தொழிலில் இருப்பவர்கள் 'ஆள் எடுக்கிறோம்' என்பார்கள். கூட்டமாக வந்தால் 'ஆள் எறக்கியாச்சு' என்பார்கள்; லோரியிலிருந்து உரமூட்டை வந்து சேர்ந்தாலும் அதே சொல்தான். வேண்டாமென்றால் 'நிப்பாட்டியாச்சு'. இவையெல்லாம் ஒரு நாளில் நடந்து முடிகிற காரியங்களைக் குறிக்கும் சொற்கள். எடுப்பதும் இறக்குவதும் நிறுத்துவதும் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். முடியாமல் நீடிக்கும் ஒரே சொல் 'வைத்திருப்பது'. உன் நிச்சயதார்த்தத்தன்று நிர்மலாவின் பெரியப்பா உன்னிடம் பயன்படுத்தியது அதைத்தான். உணவு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "தம்பி எத்தன ஆள் வெச்சிருக்கு?" என்றார். நீ, "நாப்பது ஆள் வெச்சிருக்கேன் மாமா" என்றாய். "நாப்பதா? எங்க வீட்டுல ஒரே ஒரு டிரைவர வெச்சிக்க முடியல. மூணு மாசத்துல ஓடிர்றான். என்னா மருந்து போடுற, எனக்கும் கொஞ்சம் குடு" என்று அவர் சொன்னதும் பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அதில் பெருமைதான். அந்த நாற்பதிலிருந்து ஹம்டானைக் கழித்துவிட்டு நீ கணக்குச் சொல்லவில்லை. பெர்மிட் வேறு பெயரில் இருப்பவர்கள், உன் மேஸ்திரி சேகர் கூட்டி வந்தவர்கள் என்று பிரித்திருந்தால் உன்னிடம் எட்டுப் பேர் கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள். பெண் வீட்டாரிடம் காட்டும்போது நாற்பது பேரும் உன்னுடையவர்கள். பிணவறையிலிருந்து அழைப்பு வரும்போது ஒருவரும் உன்னுடையவர் இல்லை. இந்தக் கணக்கை நான் நீதிமன்றத்தில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் வீட்டிலிருந்து கேட்பேன் என்று நினைத்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீ கேட்பாய். இந்நாட்டுச் சட்டம் நாம் பயப்படும் அளவுக்குச் சிக்கலானதன்று. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், யார் சொன்ன நேரத்துக்கு ஒருவர் வேலைக்கு வருகிறார், யார் சொன்ன விதத்தில் செய்கிறார், யார் கொடுத்த கருவியைக் கையில் பிடிக்கிறார், யாருடைய தொழில் அந்த வேலையால் நடக்கிறது என்பதையெல்லாம் அது பார்க்கும். பார்த்து, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அவரையே முதலாளி என்று அனுமானிக்கும். பெர்மிட்டில் இருக்கும் பெயர் வேறு குற்றத்துக்குச் சான்றாகலாம். ஆளை உன்னிடமிருந்து பிரிக்கும் கத்தியாகாது. ரவாங்கில் இருந்ததாகச் சொல்லப்படும் அந்த நிறுவனம் இழுத்து மூடப்பட்டுவிட்டது என்பது உனக்கே தெரியும். சேகர் தன் கைப்பேசியை அணைத்துவிட்டார். சுங்கை செம்பிலாங்கில் மச்சான் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. தோட்ட நிர்வாகம், குத்தகையாளரைக் கேளுங்கள் என்று உன்னைக் காட்டிவிட்டது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டி ஒதுங்கியபின் எஞ்சியிருப்பவன் நீ ஒருவன். நீயும் ஒதுங்கிவிட்டால், இறந்த ஒரு மனிதர் எவராலும் வேலைக்கு வைக்கப்படாமல் தாமாகவே கடல் கடந்து வந்து, தாமாகவே ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து, யாருக்காகவும் அல்லாமல் குலை வெட்டிக்கொண்டிருந்தார் என்று ஆகும். அப்படி ஒரு வாக்கியத்தை என் முத்திரையின் மேல் எழுதச் சொன்னாய்.

இந்த ஒதுங்கலை நான் முதன்முதலில் பார்த்தது சட்டப் புத்தகத்தில் இல்லை. என் அப்பாவை உனக்கு ஒரு கண் பார்வையில்லாதவராகத்தான் நினைவிருக்கும். அது பிறவிக் குறை என்று நீ எண்ணியிருந்தால் என் தவறு. நான் உனக்குச் சொன்னதில்லை. நான் பள்ளி இறுதியில், ஐந்தாம் படிவத்தில், படித்த ஆண்டு, நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்தில் ஒரு நாள் விடியற்காலை பெரட்டில், அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்தில், தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர்களைக் கூப்பிடவில்லை. "இன்னையிலேருந்து நீங்கல்லாம் கொன்ட்ரேக் ஆளு. பேரு அவரு கூப்புடுவாரு" என்று பக்கத்தில் நின்ற ஒருவரைக் காட்டினார். யாரோ ஒருவர், "அதே மரந்தானே வெட்டணும் கிராணி?" என்று கேட்டார். "அதே மரந்தான், அதே மரந்தான். ஒங்களுக்கு ஒண்ணும் கொறையாது" என்றார் கிராணி. அன்றும் அதே வரிசையில் அதே அரிவாளோடு போனார்கள். சில மாதங்கள் கழித்து, மட்டை வெட்டும்போது முள் என் அப்பாவின் கண்ணில் இறங்கியது. அவரை நான் சைக்கிளில் வைத்துத் தோட்ட அலுவலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். துண்டால் கண்ணைப் பொத்தியிருந்தார். கிராணி எழுந்து வெளியே வந்து, உண்மையிலேயே வருந்திய முகத்தோடு, "இப்ப நீங்க எங்க ஆளு இல்லையே ஐயா. எங்க புக்குல எழுத முடியாதே" என்றார். பெரட்டில் பெயர் கூப்பிட்ட அந்தக் குத்தகைக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர், "நான் ஆளக் காட்டி விடுறவன்தான் தம்பி. வேல தோட்டத்து வேல. ஆஸ்பத்திரி தோட்டத்துப் பொறுப்பு" என்றார். மறுபடியும் அலுவலகம். சாயங்காலம் பஸ் பிடித்து நாங்களாகவே மருத்துவமனைக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. அந்த இரண்டு பேரில் எவரும் கொடியவர் இல்லை. இரண்டு பேர் சொன்னதும் தத்தம் அளவில் ஓர் ஒப்பந்தத்துக்குப் பொருந்தியே இருந்தது. ஒரு கண் போவதற்கு அது போதுமானதாக இருந்தது.

இதனால்தான் நான் சட்டம் படித்தேன் என்று சொல்ல வசதியாக இருக்கும். அது உண்மையில்லை. மதிப்பெண் வந்தது, உதவித்தொகை கிடைத்தது, படித்தேன். தொழிலில் முதலாளிகளுக்காகவும் வாதாடியிருக்கிறேன், தொழிலாளர்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன், முதலாளிகளுக்கே அதிகம். ஆகவே உன்னை ஒரு கொடியவனாகப் பார்த்து இதை எழுதவில்லை. அந்தக் கிராணியைப் போல, அந்தக் குத்தகைக்காரரைப் போல, நீயும் வருத்தமான முகத்தோடுதான் வியாழக்கிழமை என் எதிரே உட்கார்ந்திருந்தாய்.

இன்னொன்று உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம், எனக்கு இருக்கிறது. நீ ஆரம்பப் பள்ளிக்குப் போன முதல் ஆண்டுகளில் நம் வீட்டில் சுலாஸ்திரி என்ற ஜாவாப் பெண் வேலை செய்தார். ஞாயிறு பூசை முடிந்து உன்னை அழைத்துப்போக வந்தவர், தெரியாமல் மாதா கோயில் வளாகத்தில் கார்கள் போகும் வழியில் நின்றுவிட்டார். ஒரு பெரிய மனிதர் கண்ணாடியை இறக்கி அவரைக் கண்டபடி ஏசினார். நீ ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காருக்குக் கேட்கும்படி, "இவங்க எங்க ஆளு. ஏசாதீங்க" என்றாய். அன்று இரவு உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆறு வயதில் நீ அந்தச் சொல்லை முழுமையாகப் பயன்படுத்தினாய். எங்கள் ஆள் என்று சொன்ன அதே மூச்சில் அவருக்கு முன்னால் போய் நின்றாய். ஒருவரை வேலைக்கு வைப்பதற்கு என் நாற்பது ஆண்டுத் தொழிலில் நான் தேடிக் கண்ட எந்த விளக்கமும் அதைவிடச் சரியாக இல்லை. அவருக்கு ஏதாவது நேரும்போது யார் முன்னால் வர வேண்டும் என்ற கேள்விக்கு, அது நேர்வதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட பதில்தான் முதலாளி என்பது. கூலி கொடுப்பது அதற்குப் பிறகு வரும் காரியம்.

இனி, நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். இதைக் கவனமாகப் படி.

சென்ற ஞாயிறு கோயிலில் உன் திருமணத்துக்கான மூன்று அறிவிப்பு ஓலைகளில் முதலாவது வாசிக்கப்பட்டது. உன் பெயரையும் நிர்மலாவின் பெயரையும் சாமியார் வாசித்து, தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வழக்கம்போலச் சொன்னார். மதியம் எல்லோரும் நம் வீட்டில் சாப்பிட்டோம். சாப்பாடு முடிந்து நீ வெளியே போனாய். உன் லோரி வாசலில் நின்றது. சேகரும் ஹம்டானும் அதில் வந்திருந்தார்கள். புதிதாக வாங்கிய நீளமான அலுமினியக் கழிகளை நீ பிரித்துக் காட்டினாய். சேகர், "யப்பா, இத வெச்சு நிலாவையே குலையோட எறக்கிரலாம் போல" என்றார். ஹம்டானுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும், அவர் சிரித்தார். நீ ஒரு கழியை எடுத்து அவர் கையில் கொடுத்து, சேகரிடம் சொன்னாய்: "ரோட்டோரம் ஒசந்த மரமெல்லாம் இருக்குல்ல, அது பூரா இவன்கிட்டயே குடு. மத்தவங்க வேணாம். இவன் நம்ம ஆளு, சுத்தமா வெட்டுவான். டிராக்டர் வர்றதுக்குள்ள குலையெல்லாம் ரோட்டோரம் வந்திரணும்." நான் நாற்காலியில் இருந்தபடி, "அந்த ரோட்டோரம் கரண்டுக் கம்பி போகுதேடா" என்றேன். நீ, "தெரியும்ப்பா. கழிய மடக்கிட்டு நடப்பான். அவன் பழகுனவன்" என்றாய். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

நேரம் சொன்னவன் நீ, மரம் சொன்னவன் நீ, கழி கொடுத்தவன் நீ. செவ்வாய்க்கிழமை நடந்ததை யூசுப் சொல்லி அறிந்தேன். ஹம்டானோடு ஒரே அறையில் தங்கியவர் அவர். பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கழியை ஒவ்வொரு மரத்துக்கும் மடக்கி மறுபடி நீட்டினால் நேரம் பிடிக்கிறது. டிராக்டர் வருவதற்குள் குலைகளைச் சாலையோரம் சேர்க்க வேண்டும் என்று சேகர் அவசரப்படுத்தியிருக்கிறார். ஆகவே இரண்டு மரங்களுக்கு நடுவே கழியை மடக்காமல் நிமிர்த்திப் பிடித்தபடி நடப்பது உன் ஆட்களிடையே வழக்கமாகிவிட்டது. மரத்தின் உச்சியைப் பார்த்து நடப்பவருக்குக் கம்பி தெரிவதில்லை. இது ஹம்டானின் கவனக்குறைவு என்று உன் பத்திரத்தில் எழுதச் சொல்லியிருந்தாய். கழி நீளமானதாலும் நேரம் குறைவானதாலும் பிறந்த நடை அது. கழியைத் தேர்ந்தவரும் நேரத்தைக் குறித்தவரும் அவர் இல்லை.

யூசுப் நேற்று என் அலுவலகத்துக்கு வந்தார். நீ அனுப்பவில்லை, உன் அப்பா வழக்கறிஞர் என்று கேள்விப்பட்டுத் தாமே கம்போங் குவாந்தான் வரை ஒரு மீன் லோரியில் வந்து, மீதி வழியை நடந்து வந்திருக்கிறார். மலாயில் பேசினோம். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் நுனியில்தான் உட்கார்ந்தார்; மரியாதையாகத் துவான் என்றே என்னை அழைத்தார். "துவான், எங்க வழக்கப்படி செத்த அன்னைக்கே பொதைக்கணும். இன்னைக்கு நாலாவது நாள். அவன் பொண்டாட்டி என் போன்லதான் கூப்புடுறா. பெட்டி எப்ப வருதுன்னு கேக்குறா. என்னா சொல்றது?" என்றார். மருத்துவமனையில் கேட்டீர்களா என்றேன். "கேட்டேன். ஒங்க போஸ் யாருன்னு கேட்டாங்க. அருள் போஸ்னு சொன்னேன். அவரு இல்லேன்னு சொல்லிட்டாரேங்குறாங்க. நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க துவான்." பிறகு, "ஊருக்கு அனுப்ப முடியலேன்னா இங்கயே பொதைச்சிரலாம். அதுக்கும் யாராவது ஒருத்தர் நம்மாளுன்னு சொல்லணுமாமே" என்றார். அவர் அருளின் அப்பாவிடம்தான் பேசுகிறார் என்பதை மறந்துவிடவில்லை. உன்னைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் சிரமமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "கல்யாணம் முடியிற வரைக்கும் பொறுக்க முடியாதா?" என்பதுதான். மூன்றாவது ஓலை வாசித்து முடியட்டும், மணமகள் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரட்டும், அதன் பிறகு எதுவாக இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். "அது வரைக்கும் அவரு அந்த ஐஸ் டப்பாக்குள்ளயே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். "அப்ப ஒங்க புள்ள ஜெயிலு டப்பாக்குள்ள போகணுமா? பெத்த புள்ளைக்கு எதிரா சாட்சி சொல்லப் போறேன்னு சொல்றீங்க. எந்த அப்பன் சொல்லுவான்?" என்றாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இன்று மதியம் இந்தக் கடிதத்தை மேசையில் வைத்திருந்தபோது எடுத்துப் படித்தாள். முதலில் எழுதியதில், ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா கொடுத்த சோற்றை ஹம்டான் வாசலில் நின்றபடி சாப்பிட்டார் என்று எழுதியிருந்தேன். அவள் அந்த வரியில் விரலை வைத்து, "இது தப்பு. நின்னுகிட்டு இல்ல. நான்தான் நாற்காலி போட்டு ஒக்கார வெச்சேன். கோழி வேணாம், முட்ட போதும்னாரு. சாப்புட்டு நாற்காலிய அவரே மடிச்சு செவுத்துல சாத்தி வெச்சாரு" என்றாள். நான் வரியைத் திருத்தி எழுத முனைந்தேன். "எழுத வேணாம். நான் பாத்தேன்னு நானே போடுறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். கீழே அவள் கையொப்பம் இருப்பதற்குக் காரணம் அது. நான் கேட்டு வாங்கியதில்லை.

நான் உனக்கு வழக்கறிஞனாக முடியாததன் காரணம் இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். நான் இந்த விஷயத்தில் சாட்சி. கண்ணால் கண்டவன், காதால் கேட்டவன். தகுந்த வேறொரு வழக்கறிஞரை இன்றே பார். அவரிடம் நீ என்னிடம் சொன்னபடி சொல்லாதே, நடந்தபடி சொல். அவர் உனக்கு என்னென்ன அபாயங்கள் இருக்கின்றன என்று விளக்குவார். நானும் அவற்றைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. வேறு பெயரில் பெர்மிட் இருந்தவரை வேலைக்கு வைத்ததற்காக உன் மேல் வழக்கு வரலாம். பாதுகாப்பில்லாத முறையில் வேலை வாங்கியதற்காக வரலாம். போலீசிடம் முதலில் சொன்ன பொய்க்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குத்தகை கைவிட்டுப் போகும் என்பது ஏறத்தாழ நிச்சயம். புக்கிட் செந்தோசா வீட்டில் நீ நிர்மலாவைக் குடிவைக்க நினைத்திருந்த வாழ்க்கை அந்த வடிவில் கிடைக்காமல் போகலாம். அவள் வீட்டார் பின்வாங்கவும் கூடும். நீ வந்து கையொப்பமிட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உன்னிடம் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆதாரம் இல்லாததை நான் சொல்வதில்லை.

நாளை ஞாயிறு. இரண்டாவது ஓலை வாசிக்கப்படும். தடை அறிந்தவர் உண்டா என்று சாமியார் கேட்பார். நான் எழுந்து நிற்க மாட்டேன். திருமணத்துக்கு இது தடையா என்பது நிர்மலா முடிவு செய்ய வேண்டியது. அவள் முடிவு செய்ய அவளுக்கு உண்மை தெரிய வேண்டும். அதனால்தான் உறையை ஒட்டவில்லை. உன் கையால் அவளிடம் கொடு. செவ்வாய்க்கிழமைக்குள் நீ கொடுக்காவிட்டால் இதன் நகலை உன் அம்மா கொண்டுபோய்க் கொடுப்பாள். அதையும் அவளே சொன்னாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் மருத்துவமனையில் இருப்பேன். யூசுப்பும் என்னோடு வருவார். அங்கே நிரப்ப வேண்டிய தாளில், இறந்தவரின் பெயருக்கு இரண்டு வரி கீழே, வேலைக்கு வைத்தவரின் பெயர் என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் வெறுமனே உன் பெயரை எழுதிக் கையொப்பமிட்டால் போதும். மற்றவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ வந்தால், நீ எழுதி முடிக்கும் வரை உனக்கு அடுத்தபடி நிற்பேன். அதன் பிறகு வரும் எல்லா இடங்களுக்கும் உன்னோடு வருவேன். வழக்கறிஞனாக அல்ல, உன் அப்பாவாக. அந்த உறவிலிருந்து நான் ஒதுங்கிக்கொள்ள எந்த ஒப்பந்தமும் இல்லை.

ஒன்பது மணி வரை காத்திருப்பேன். நீ வராவிட்டால், நான் கண்டதையும் கேட்டதையும் சத்தியப் பிரமாணமாகப் போலீசில் கொடுப்பேன். அதன் படியொன்று தயாராக என் பையில் இருக்கிறது. அதில் வேலைக்கு வைத்தவரின் பெயரை நான் எழுதியிருக்கிறேன். ஞானஸ்நானத்தில் நானும் உன் அம்மாவும் தேர்ந்தெடுத்து வைத்த முழுப்பெயரை, ஓர் எழுத்தும் குறையாமல்.

அந்தப் பெயரை முதலில் எழுதுபவன் நீயாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

இப்படிக்கு, மேலே சொன்னவை யாவும் உண்மை என அறிந்து கையொப்பமிடுபவன்,

(கையொப்பம்)
உன் அப்பா

சாட்சிகள்:

1. பிலோமினா (கையொப்பம்). அருளின் தாய். முழுவதையும் தாமே படித்தார். நாற்காலி பற்றிய கூற்று அவருடையது.

2. யூசுப் (கையொப்பம்). ஹம்டானோடு ஒரே அறையில் தங்கியவர். கடிதம் முழுவதும் அவருக்கு மலாயில் வாசித்து விளக்கப்பட்டது. ஏதேனும் கேட்க வேண்டுமா என்று கேட்டபோது, "அருள் போஸ் வருவாரா, துவான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று பதில் சொன்னேன். அதைக் கேட்ட பிறகே கையொப்பமிட்டார்.